எடுத்த இடத்திலேயே வைக்கவும்

ஜனவரி 12

அன்புள்ள குருவிக்கு,

போனை எடுத்தால் நாம் இருவரும் ஒரே சமயத்தில் பேசுகிறோம், ஒரே சமயத்தில் வைத்தும் விடுகிறோம். அதனால்தான் காகிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது. படித்து முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

நான் கிளம்பிய அன்று நீ மாடியிலிருந்து இறங்கி வரவில்லை. உனக்குத் தலைவலி என்று உன் அண்ணன் சொன்னார். அவருக்குப் பொய் சொல்ல வராது. சொல்ல ஆரம்பித்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று வண்டி வரும் வரை துடைத்துக்கொண்டே நின்றார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதில் இது ஒரு வசதி.

இங்கே எனக்கு ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் வண்டி நிறுத்துமிடம். பெட்டிகளில் பாதியை இன்னும் பிரிக்கவில்லை, திரும்பக் கட்டத்தானே போகிறோம் என்று ஒரு அலுப்பு. உனக்குத் தெரியும், நானும் புத்தகத்தில் முத்திரை குத்தும் மேஜையில்தான் ஆரம்பித்தேன். பிறகு பட்டியல் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரே புத்தகத்தை மூன்று பேர் மூன்று விதமாகப் பதிந்து வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்து, எரிச்சல் தாங்காமல் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். அந்த எரிச்சல்தான் இன்று வரை எனக்குச் சோறு போடுகிறது. ஒரு நூலகத்தைப் பழைய சிஸ்டத்திலிருந்து புதியதற்கு மாற்றுவேன். எல்லாம் ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளாது. இது நான்காவது ஊர்.

நூலகத்துக்காரர்கள் என்னைக் 'கம்ப்யூட்டர் அம்மா' என்கிறார்கள். கம்ப்யூட்டர் பிரிவில் நான் 'லைப்ரரி அம்மா'. இரண்டு பேரும் என்னை வைத்துக்கொள்ள இடமில்லை என்று சொல்லி, என் மேஜையை நடுவில் நடைவழியில் போட்டிருக்கிறார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நாற்காலியை இடித்துவிட்டுப் போகிறார்கள்.

வேலை இதுதான்: எல்லாக் கிளைகளையும் ஒரே சிஸ்டத்தில் சேர்க்க வேண்டும். நீ நூலகராக இருக்கும் வாசிப்பறையும் அதில் வருகிறது. எந்தக் கிளையில் எவ்வளவு புத்தகங்கள் பயன்படுகின்றன என்று இயக்குநர் மாதாமாதம் அறிக்கை கேட்கிறார். அது தானாகவே அவர் மேஜைக்குப் போகிற மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பெண் நடத்தும் அறை முதலில் வரும் பாருங்கள் என்று பெருமையடித்தும் வைத்திருக்கிறேன். இதைச் சரியாக முடித்தால் பிரிவுக்குத் தலைமைப் பதவி, நிரந்தரமாக. கிடைத்தால் ஊர் ஊராகப் பெட்டி தூக்குவதை விட்டுவிடுவேன் என்று உன் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மாடிப்படி விளக்கை மாற்றச் சொல் அவரை. ஊருக்கெல்லாம் பார்வை பார்க்கிறார், வீட்டு இருட்டு கண்ணில் படவில்லை.

அண்ணி

*

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

வாயை மூடிக்கொண்டுதான் படித்தேன். இப்போது நீங்கள் மூடிக்கொள்ளுங்கள்.

நேற்று தலைமை நூலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எங்கள் வாசிப்பறையில் போன வருடம் முழுக்க ஒரு புத்தகம்கூடப் பயன்படவில்லையாம். பூஜ்ஜியம். அதனால் அறையை மூடிவிட்டு, புத்தகங்களை அங்கே அனுப்பிவிட்டு, என்னை 'வேறு பொருத்தமான பணியில்' அமர்த்த உத்தேசமாம். மார்ச் கடைசியில் கூட்டம் போட்டு முடிவு செய்வார்களாம். அடியில் சின்ன எழுத்தில் 'தகவல்: சிஸ்டம் பிரிவு' என்று இருக்கிறது. அது நீங்கள்தானே?

முதலில் வரும் என்றீர்களே, வந்துவிட்டது. கீழிருந்து எண்ணினால் முதலில்.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் தினமும் வேலை முடிந்து வருகிறார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மின்சாரப் புத்தகங்களைத் தொடுவார். பதவி உயர்வுப் பரீட்சைக்குப் படிக்கும் நர்ஸ் ஒருத்தி, வந்தால் எழுந்திருக்க மாட்டாள். தையல்கார அம்மா பழைய உடைகள் பற்றிய படப் புத்தகங்களை வைத்து அளவு எடுத்துக்கொண்டு போகிறார். எங்கள் அறைப் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, அதனால்தான் இவர்கள் அங்கேயே கிடக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் உங்கள் சிஸ்டத்துக்குப் பூஜ்ஜியமா?

உத்தரவை அண்ணனிடம் காட்டினேன். "அவ வேணும்னு செஞ்சிருக்க மாட்டா" என்றார். "அப்போ தெரியாம செஞ்சாங்களா? அவங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமில்லேன்னு நீதானே சொல்லுவே?" என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

ஊரை விட்டுப் போனீர்கள், சரி. அண்ணனை விட்டுப் போனீர்கள், அது உங்கள் இரண்டு பேர் பாடு. போகிற போக்கில் என் அறையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போக வேண்டுமா?

குருவி

*

பிப்ரவரி 10

குருவி,

பூஜ்ஜியத்தைப் பார்த்து எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. என் அறிக்கைதான், நான் எழுதியதுதான், ஆனால் அது என் கண்ணில் படுவதற்கு முன் இயக்குநர் கண்ணில் பட்டுவிட்டது. அவரிடம் ஓடினேன். "எண்ணிக்கை தப்பா?" என்று கேட்டார். தப்பில்லை, அதுதான் கொடுமை.

பொறுமையாகக் கேள். வீட்டுக்குக் கொடுக்காத புத்தகத்துக்கு இரவல் கணக்கு இருக்காது. அதனால் வாசிப்பறைகளில் வேறு வழி வைத்திருக்கிறோம். படித்தவர் புத்தகத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போவார். நூலகர் அதை அலமாரியில் வைக்கும் முன் ஸ்கேனரில் ஒரு முறை காட்டுவார். ஒரு முறை காட்டினால் ஒருவர் படித்ததாகக் கணக்கு. உனக்கும் ஒரு ஸ்கேனர் அனுப்பியிருக்கிறார்களே, அது எங்கே? இழுப்பறையில் உறையோடு கிடக்கிறதா?

உன் அறையில் அதற்கு வேலையே வந்திருக்காது. உன் சுவரில் உன் கையால் எழுதிய பலகை தொங்குகிறது: 'எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைக்கவும்.' நான் வேலை பார்த்த எந்த நூலகத்திலும் வாசகர் கையால் புத்தகத்தை அலமாரியில் வைக்க விடமாட்டார்கள். வைத்தால் தப்பாக வைப்பார்கள், அப்புறம் அந்தப் புத்தகம் தொலைந்த மாதிரிதான். நீ மட்டும்தான் வருடக்கணக்காகத் திட்டித் திட்டி ஒவ்வொருவரையும் பாதி நூலகராக்கி வைத்திருக்கிறாய். கல்யாணமான புதிதில் அந்தப் பெரிய அகராதியை நான் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். "சரியான இடத்துலதான் வெச்சிருக்கீங்க அண்ணி, ஆனா சுவர் வரைக்கும் தள்ளாதீங்க, எல்லாம் விளிம்புக்கு நேரா நிக்கணும்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாயே. எனக்குக் காது சுட்டது.

உன் அறையில் வாசகர்கள் புத்தகம் தேடும் கம்ப்யூட்டரில் ஏதாவது பதிவு கிடைக்குமா என்றும் துழாவினேன். ஒன்றும் இல்லை. எல்லாம் எப்போதும் அதனதன் இடத்தில் இருப்பதால் யாரும் தேடுவதே இல்லை போல. நாள் முழுக்க ஜனங்கள் வந்து படித்துவிட்டு, வந்த சுவடு இல்லாமல் போகிறார்கள்.

பலகையைக் கழற்று. மேஜையில் விடச் சொல். ஸ்கேன் செய். கூட்டத்துக்குள் கொஞ்சம் எண்ணிக்கை வந்தால்கூட நான் வாயைத் திறந்து பேச முடியும்.

அண்ணி

*

மார்ச் 1

அண்ணிக்கு,

ஆக, தப்பு என் பலகை மேல். நல்லது.

கழற்றிவிட்டேன். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிகிறது. எல்லாரும் அந்தச் சதுரத்தைப் பார்த்துவிட்டு, புத்தகத்தைக் கொண்டுபோய் அலமாரியில் வைக்கிறார்கள். "மேஜையிலேயே விட்டுடுங்க" என்று நர்ஸிடம் சொன்னேன். "பரவாயில்லக்கா, எனக்கென்ன கஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள். மெக்கானிக் இன்னும் மோசம். பக்கத்து மேஜையில் யாரோ புதிதாக வந்தவர் விட்டுப்போன புத்தகத்தையும் சேர்த்து எடுத்துப்போய், எண் பார்த்து, விளிம்பைத் தட்டிச் சரிசெய்து வைக்கிறார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. எனக்கு உதவி செய்கிறாராம்.

இத்தனை நாள் நான் செய்த வேலையை நானே எப்படி அவிழ்ப்பது?

அது கிடக்கட்டும். நீங்கள் கவலைப்பட வேண்டாம். இந்த வாரம் எண்ணிக்கை நன்றாகவே வந்திருக்கும். பாருங்கள்.

குருவி

*

மார்ச் 9

குருவி,

பார்த்தேன்.

ஒரே பிற்பகலில் நானூறு புத்தகங்கள். நீ ஸ்கேன் செய்த வரிசை அப்படியே எனக்குத் தெரியும், அது தெரியுமா உனக்கு? முதல் அலமாரியின் முதல் புத்தகத்தில் ஆரம்பித்திருக்கிறாய். அங்கிருந்து வரலாறு வரைக்கும், ஓர் எண் பிசகவில்லை. எந்த ஊரில் ஜனங்கள் வரிசை எண்படி படிக்கிறார்கள்? கள்ளக் கணக்கு எழுதும்போதுகூடக் கொஞ்சம் கலைத்துப் போட உனக்குக் கை வரவில்லை.

முதலில் சிரித்துவிட்டேன். நடைவழியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அந்த வரிசையை மறுபடி மேலிருந்து பார்த்தேன். நான் பார்த்ததை வேறொருவர் பார்க்க எவ்வளவு நேரமாகும்? பார்த்தால், யாரும் வராத அறை என்ற பெயரோடு பொய் என்ற பெயரும் சேரும். அப்புறம் மெக்கானிக் நிஜமாகவே படித்த புத்தகத்தைக் காட்டினாலும் நம்ப மாட்டார்கள்.

அழித்துவிட்டேன். அந்தப் பூஜ்ஜியத்துக்குப் பிறகு, கிளைகளிலிருந்து வருகிற ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறவள் நான். இது தெரிந்தும் போட என்னால் முடியாது. இயக்குநரிடம் நாளை நானே போய்ச் சொல்லப்போகிறேன். பேசாமல் அழித்துவிட்டுச் சும்மா இருக்கலாம் என்றும் ஒரு மனம் சொல்கிறது. அதைச் செய்தாலும் அது இன்னொரு கள்ளக் கணக்குத்தான்.

என் மேல் கோபப்படு. ஆனால் தயவுசெய்து மறுபடி ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு அலமாரி அலமாரியாகப் போகாதே.

அண்ணி

*

மார்ச் 15

அண்ணிக்கு,

அழித்தீர்கள். உங்களுக்கு டேட்டா சுத்தமாக இருக்க வேண்டும். எனக்கு வேலை இருக்க வேண்டும். அவரவருக்கு அவரவர் கவலை.

அண்ணன் அனுப்பச் சொன்ன போர்வை இத்துடன் வருகிறது. அது அவர் அனுப்புவது. நான் மடித்துக் கட்டினேன், அவ்வளவுதான்.

இனி எழுத வேண்டாம்.

குருவி

*

ஏப்ரல் 6

குருவி,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். படிக்காவிட்டால் எனக்குத் தெரியப்போவதில்லை.

போர்வை வந்தது. நான்கு மூலையும் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்திருந்தது. அவர் அனுப்பியதுதான், ஒத்துக்கொள்கிறேன். அலுவலகத்தில் குளிர் அதிகம், அங்கேதான் வைத்திருக்கிறேன்.

இயக்குநரிடம் எல்லாம் சொன்னேன். பலகை, பூஜ்ஜியம், நானூறு. "யார் செஞ்சது?" என்று கேட்டார். என் நாத்தனார் என்றேன். கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "உங்க குடும்ப விஷயத்தை ஏம்மா இங்கே கொண்டுவர்றீங்க?" "நான் கொண்டுவரலை சார். ரெண்டும் ஒரே கம்ப்யூட்டர்ல வந்து நிக்குது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஜூன் கடைசி வரை அவகாசம் கொடுத்தார். அதற்குள் உண்மையான எண்ணிக்கை வர வேண்டும். உன் கிளைக் கணக்கை நான் தொடக்கூடாது, வேறொருவர் சரிபார்ப்பார்.

அவ்வளவுதான் என்னால் முடிந்தது. உன் பக்கத்தை நீதான் பார்க்க வேண்டும்.

எனக்கு இங்கே உட்கார முடியவில்லை. சர்வர் அறைக்குப் போகிறேன், அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, திரும்பி வருகிறேன். மேஜைக்கு வந்தால் மறுபடி எழுந்து போகிறேன். மதிய இடைவேளையில் வேறு ஊர்களில் என்ன வேலை காலி என்று தேடிக்கொண்டிருக்கிறேன். பழக்கதோஷம்.

அண்ணி

*

மே 20

பெறுநர்: சிஸ்டம் பிரிவு

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்களது ஏப்ரல் 6ஆம் தேதிக் கடிதம் கிடைக்கப் பெற்றது. அதில் கண்டுள்ளபடி இக்கிளையின் வாசிப்பறையில் புத்தகப் பயன்பாட்டைப் பதிவு செய்யும் பணி நடைபெற்று வருகிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மேற்படி பணியில் ஏற்பட்ட இடர்ப்பாடுகள் பின்வருமாறு

இதற்கு மேல் இப்படி எழுத வரவில்லை. பாதிக் கடிதம் கோபமாக இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் நர்ஸ் என் தொல்லை தாங்காமல் புத்தகத்தை மேஜையில் விட்டுவிட்டுக் கிளம்பினாள். வாசல் வரை போனாள். செருப்பை மாட்டினாள். திரும்பிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவந்து அதை அலமாரியில் வைத்தாள். "மனசு கேக்கலக்கா" என்றாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. வாசிப்பறையில் நான் குரலை உயர்த்தியதே கிடையாது. "என் வேலையை எல்லாம் நீங்களே செஞ்சிட்டா அப்புறம் என்னை எதுக்கு இங்கே வெச்சிருப்பாங்க? அறையை மூடப்போறாங்க, தெரியுமா?" என்று கத்திவிட்டேன். எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மெக்கானிக்தான் முதலில் பேசினார்.

"முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா? நாங்க நல்லது செய்யறதாதானே நெனச்சிட்டிருந்தோம்."

உண்மைதான். காரணத்தை நான் யாரிடமும் சொல்லவே இல்லை. மூடப்போகிறார்கள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது அண்ணி.

மறுநாளிலிருந்து மேஜைகளைப் பார்க்க வேண்டுமே. தையல்கார அம்மா விரித்துப்போட்ட படப் புத்தகங்கள் ஒரு பக்கம், நர்ஸ் அடுக்கிவைத்த உடற்கூறுப் புத்தகங்கள் ஒரு பக்கம். மெக்கானிக் இப்போது வாசலோரம் உட்கார்ந்துகொண்டு, யாராவது அலமாரிப் பக்கம் போனால், "வெச்சிடாதீங்க, அப்படியே விடுங்க, அம்மா பாத்துக்குவாங்க" என்று விரட்டுகிறார். கலைந்து கிடக்கும் மேஜையைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வைக்கிறேன்.

நான் அன்று போட்ட நானூறில் பாதிகூட இன்னும் வரவில்லை. ஆனால் எல்லாம் தாறுமாறான வரிசையில் வருகிறது. உங்களுக்குப் பிடிக்கும்.

கோபம் இன்னும் போகவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கிளை நூலகர்

*

ஜூன் 25

கிளை நூலகர் அவர்களுக்கு,

உன் எண்களை நான் பார்க்கக்கூடாது. சரிபார்க்கிறவர் என் எதிரில் அவற்றைத் திறக்கும்போது நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறேன். ஒரு நாளைக்கு எவ்வளவுதான் தண்ணீர் குடிப்பது.

தலைமைப் பதவிக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். வெளியிலிருந்து வந்தவர், நல்ல மனிதர். வந்த அன்றே என் மேஜையை நடைவழியிலிருந்து ஜன்னலோரம் மாற்றச் சொன்னார். இப்போது யாரும் என்னை இடிப்பதில்லை. ஏன் எனக்குக் கிடைக்கவில்லை என்று கேட்காதே. அது இங்கே நடந்த வேறு விவகாரம்.

ஐந்தாவதாக ஓர் ஊரில் வேலை இருக்கிறது. விண்ணப்பத்தை எழுதிவிட்டேன், அனுப்பவில்லை. பெட்டிகளைத் திரும்பக் கட்ட வேண்டிய வேலைகூட இல்லை, பாதி பிரிக்காமலேயே இருக்கிறது. நேற்று ஒன்று நினைத்துக்கொண்டேன். மூன்று ஊர்களில் நான் மாற்றிக் கொடுத்த சிஸ்டங்கள் இப்போதும் ஓடுகின்றன. யாரும் போன் செய்வதில்லை. பழுதானால்தானே கூப்பிடுவார்கள். நன்றாகச் செய்த இடத்தில் எல்லாம் என் பெயரே யாருக்கும் நினைவில்லை. இத்தனை வருடம் உன் வாசகர்களைப் போலத்தான் நானும் இருந்திருக்கிறேன். சொல்லிக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் உன் அண்ணனைப் பார்க்க வரலாம் என்றிருக்கிறேன். உன் கண்ணில் படாமல் வந்து போய்விடுவேன், பயப்படாதே.

அண்ணி

*

ஜூலை 9

அண்ணிக்கு,

உத்தரவு வந்துவிட்டது. அறையை மூடவில்லை. அடுத்த வருடமும் எண்ணிப் பார்ப்பார்களாம், பார்க்கட்டும். மெக்கானிக்கிடம் காகிதத்தைக் காட்டினேன். கை கழுவிவிட்டு வந்து வாங்கிப் படித்தார்.

'வேறு விவகாரம்' என்று எழுதியிருந்தீர்களே. அண்ணனிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டார். குடும்பத்துக்காரி கள்ளக் கணக்கு போட்ட இடத்தில் உங்களைத் தலைமையில் உட்காரவைக்கத் தயங்கினார்களாம். நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, பதவியும் உங்களுடையது. நான் ஒரு பிற்பகலில் செய்த வேலைக்கு நீங்கள் விலை கொடுத்திருக்கிறீர்கள். அதைக் கேட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அந்த விளக்கு இன்னும் எரியவில்லை, நல்லதாகப் போயிற்று.

இன்னொன்று. போன வாரம் கிளை நூலகர்கள் கூட்டத்துக்கு என்னை உங்கள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். உங்களைப் பார்த்து நேரிலேயே எல்லாம் கேட்டுவிட வேண்டும் என்று வந்தேன். ஜன்னலோரம் மேஜை இருந்தது, நாற்காலியில் போர்வை இருந்தது, நீங்கள் இல்லை. லீவு என்றார்கள். நான் அங்கே நிற்கிற நேரத்தில் நீங்கள் இங்கே என் அறையில் உட்கார்ந்திருந்திருக்கிறீர்கள். நான் இல்லாத நாளாகப் பார்த்துத்தானே வந்தீர்கள்?

யாரும் சொல்லவில்லை. அன்று லீவு போட்டு அறையைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கைக் கேட்டால், "யாரோ ஒரு அம்மா வந்தாங்க, ரொம்ப நேரம் படிச்சாங்க" என்கிறார். அவர் டீ குடிக்கப் போன சமயம் போய்விட்டீர்களாம். ஆனால் நான் மறுநாள் காலையில் வந்து அலமாரியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எல்லாப் புத்தகமும் விளிம்புக்கு நேராக நிற்கிறது. அந்தப் பெரிய அகராதி மட்டும் சுவர் வரைக்கும் உள்ளே போயிருக்கிறது.

மேஜையில் விடுங்கள், மேஜையில் விடுங்கள் என்று என் உயிரை வாங்கினீர்கள். கடைசியில் நீங்களே எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அந்த நாளின் கணக்கில் அகராதி இல்லை. ஸ்கேனரைக் கையில் எடுத்தேன், ஒரு முறை காட்டிவிடலாம் என்று. அப்புறம் வைத்துவிட்டேன். கள்ளக் கணக்கு இனி நம் வீட்டில் வேண்டாம்.

அதை இழுத்துச் சரிசெய்யவும் இல்லை. உள்ளே தள்ளியது தள்ளியபடியே இருக்கிறது, தினமும் அந்த வரிசையைக் கடக்கும்போது கை பரபரக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு போகிறேன். அந்த விண்ணப்பத்தை அனுப்புவதானால் அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒரு முறை வந்து, எடுத்துப் படித்துவிட்டு, மேஜையில் விட்டுப் போங்கள்.

நான் இருக்கிற நாளாகப் பார்த்து வாருங்கள்.

குருவி